அடிப்பிடித்த பாத்திரத்துக்குப் பாப் மார்லி

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வேலைக்கு ஏற்ற பாடல்கள் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முழுக்கக் குத்துப்பாட்டு. தொகுத்தவர் தினமும் பாத்திரம் தேய்ப்பவராகத் தெரியவில்லை. அந்த வேகத்துக்குத் தேய்த்தால் இரண்டாவது பாட்டிலேயே தோள்பட்டை கழன்றுவிடும். சிங்க்கில் பாதிப் பாத்திரம் அப்படியே கிடக்கும்.

என் சமையலறையில் ராத்திரி ஒலிப்பது ஜமைக்கா நாட்டு இசையான ரெகே. அதிலும் அந்நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்'. வாசல் பக்கம் வந்து உட்காரும் மூன்று சின்னப் பறவைகள், எல்லாம் சரியாகிவிடும் என்று பாடுகின்றன. பாட்டில் அவ்வளவுதான் விஷயம். மூன்றே நிமிஷம்.

ரெகே கைவேலைக்குப் பொருந்துவது அதன் தாளத்தால். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். மற்றப் பாட்டுகளில் ஒன்றில் விழுகிற அடி இதில் பெரும்பாலும் விழாது. டிரம்ஸ் மூன்றில் விழும். கிடார் இரண்டிலும் நான்கிலும் நறுக்கென்று வெட்டும். 'ஒன் டிராப்' என்பார்கள். மார்லியின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கார்ல்டன் பாரெட் இதில் மன்னன். கனத்த அடிக்குரலில் ஒலிக்கும் பேஸ் கிடாரை வாசித்தவர் அவருடைய அண்ணன் ஆஸ்டன். கம்பி நார் பிடித்த கை மூன்றில் அழுந்தும், ஒன்றில் தளரும். அடிப்பிடித்த பால் பாத்திரம்கூட அவசரமில்லாமல் வெளுத்துவிடுகிறது. (மொபைலைச் சுவரில் சாய்த்துவைத்துக் கேட்பவர்களுக்கு இது பிடிபடாது. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் வராது. பேஸ் இல்லாத ரெகே உப்பில்லாத ரசம்.)

"கவலையே இல்லாத ஆள் பாடியிருப்பான்" என்பார் என் கணவர். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 1976 டிசம்பர் 3 அன்று ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். அவருக்கு மார்பிலும் கையிலும் காயம், மனைவி ரீட்டாவுக்குத் தலையில். இரண்டு நாள் கழித்து அந்தக் காயத்தோடேயே மேடையேறிப் பாடிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார். பிறகு லண்டனில் வேலை நடந்த 'எக்ஸோடஸ்' தொகுப்பில், 1977இல் வந்தது இந்தப் பாட்டு. பின்னணிக் குரல்களில் ரீட்டாவும் உண்டு. இதைக் கேட்டதும் கணவர் எழுந்து வந்து துணி மடித்தார் என்று எழுத ஆசைதான். காபி இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

அடுத்த பட்டியலில் ரெகேக்கும் இடம் கொடுங்கள். குத்துப்பாட்டை முழுக்கத் தள்ள வேண்டாம். ஒட்டடை அடிக்க அதுதான் சரி.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்