ரேடியோவின் பின்பலகையில் ஒட்டியிருந்த படம்: நுகர்வோர் விவகாரத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

நுகர்வோர் விவகாரத் துறைச் செயலர் அவர்களுக்கு,
கிருஷி பவன், புதுதில்லி.

வணக்கம்.

நான் காரைக்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை அப்பா தொடங்கியது. அவர் காலத்தில் ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர், டிவி. நான் உட்கார்ந்த பிறகு சிடி, டிவிடி, அப்புறம் முழுக்கச் செல்போன். பொருள் மாறினாலும் வேலை ஒன்றுதான். கெட்டுப்போனதைத் திறந்து பார்த்து, சரி செய்து, உடையவர் கையில் கொடுப்பது. அந்த வேலை இப்போது ஏன் நடக்கமாட்டேன் என்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்பா எந்தப் பள்ளியிலும் ரேடியோ படித்தவர் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த வால்வு ரேடியோக்கள் நிறைய இருந்தன. பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றினால் பல செட்டுகளில் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்த செட்டின் சர்க்யூட் படம். எந்த இடத்தில் எந்த வால்வு, எந்தக் கண்டன்சருக்கு என்ன மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அப்பா தொழில் கற்றார். அவர் கடைசியாகக் கைவைத்த செட் ஒன்று இன்னும் என் கடை அலமாரியில் இருக்கிறது. தாள் பழுப்பேறி, ஒரு மூலையை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அதைச் செய்தவர்கள் எங்கேயோ ஐரோப்பாவில் இருந்தவர்கள். என் அப்பாவை அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் இது ஒருநாள் கெட்டுப்போகும், யாரோ ஒருவர் திறப்பார், அவருக்கு இது வேண்டியிருக்கும் என்று நினைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த போன். வளவுப் படியில் விழுந்து டிஸ்பிளே நொறுங்கிவிட்டது. “தம்பி, ராத்திரி பேரப்பிள்ளை பேசுவான், இன்னைக்கே முடியுமா?” என்று கேட்டார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வெளியூர் போகவேண்டும். அங்கே போனில் கேட்டபோது சொன்ன தொகை, போன் விலையில் பாதியை நெருங்கியது.

என்னிடம் அதே மாடலில் போர்டு செத்துப்போன போன் ஒன்று கிடந்தது. டிஸ்பிளேயில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டையும் சூடு தட்டில் வைத்து, ஓரத்துப் பசை இளகியதும் மெல்லிய தகடு விட்டுத் திறந்தேன். பட்டை ஒயர்களைக் கழற்றி, நல்ல டிஸ்பிளேயை ஆச்சியின் போனில் மாட்டினேன். திரை ஒளிர்ந்தது, தொட்ட இடமெல்லாம் வேலை செய்தது. அதோடு ஒரு செய்தியும் வந்தது. இதில் இருப்பது கம்பெனியின் அசல் டிஸ்பிளேதானா என்று உறுதி செய்ய முடியவில்லையாம். சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்குத் தக்கபடி திரையின் நிறம் மாறும் வசதியும் நின்றுவிட்டது.

போர்டும் டிஸ்பிளேயும் ஒரே கம்பெனி செய்தவை, ஒரே மாடல். டிஸ்பிளேக்குள் ஒரு பொடி சிப்பில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் போர்டுக்குத் தெரிந்த நம்பராக இல்லாவிட்டால் போன் அதை அசல் என்று ஏற்காது. ஏற்க வைக்கும் மென்பொருளை அந்தக் கம்பெனி அன்றைக்குத் தன் ஆட்களிடம் மட்டுமே வைத்திருந்தது. பாகங்களை இப்படி ஜோடி சேர்த்துப் பூட்டி வைப்பதால் போன் நன்றாக ஓடுவதில்லை, அதிக நாள் உழைப்பதும் இல்லை. வெளியில் திறந்தவனை அடையாளம் காட்டிக் கொடுக்கத்தான் அது உதவுகிறது.

ஆச்சி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். “தம்பி, டூப்ளிகேட் போட்டுட்டீகளோ?” என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்கள். அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டுச் சாமான்கள் எங்கள் கடைக்குத்தான் வரும். இரண்டு போனையும் திறந்து காட்டி விளக்கினேன். நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கம்பெனி, என் வாடிக்கையாளர் கையில் இருக்கும் அவருடைய சொந்தப் பொருளின் வழியாக, என்னைத் திருடன் போலக் காட்ட முடிகிறது. எனக்கு அதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

பேட்டரியிலும் இதே தொல்லைதான். இது நடப்பது எந்த ஊரில் என்று பாருங்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய இடம். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் அந்த வளாகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் ஒரு நல்ல பேட்டரியை மாற்றினால், அதன் நிலை என்ன என்று காட்டவே சில போன்கள் மறுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரியிலிருந்து இத்தகைய கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்கவேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த உரிமை ஏன் கூடாது?

இந்தப் பூட்டு போனில் பிறந்தது இல்லை. பாட்டையும் படத்தையும் நகல் எடுக்காமல் தடுக்கப் போட்ட பூட்டுதான் நகர்ந்து நகர்ந்து டிஸ்பிளேக்கு வந்திருக்கிறது. டிவிடி காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். இந்தியா 5. சிங்கப்பூர், மலேசியா 3. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் வைத்து வாழ்பவை. கோலாலம்பூரில் காசு கொடுத்து வாங்கிய டிவிடியைக் கொண்டுவந்து, “ஓடமாட்டேங்குது, பாருங்கண்ணே” என்று எத்தனையோ பேர் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். தட்டிலும் பிளேயரிலும் ஒரு குறையும் இருக்காது. பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்ற திருட்டுத் தட்டு எல்லா பிளேயரிலும் ஓடியது. நேர்மையாக வாங்கியவருக்குத்தான் பூட்டு, திருடியவருக்கு இல்லை. அந்தச் சமயத்தில் நானே பலருக்கு வட்டாரப் பூட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் தப்பு இருப்பதாக அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

2005-இல் சோனி பிஎம்ஜி இதைவிட மோசமான காரியம் செய்தது. 50-க்கும் மேற்பட்ட இசை சிடிக்களில் நகல் தடுப்புக்காக ஒரு மென்பொருளை வைத்தது. பாட்டுக் கேட்கலாம் என்று கணினியில் போட்டவர்களின் விண்டோஸுக்குள் அது புகுந்து, கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டது. அது திறந்துவைத்த ஓட்டைக்குள் வைரஸ்கள் வந்து ஒளிய முடிந்தது. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அந்த அக்டோபர் 31 அன்று அதை வெளிப்படுத்தியபின், கம்பெனி சிடிக்களைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒருவரின் வீட்டுக்குள் புகும் தைரியம் எங்கிருந்து வருகிறது? விற்ற பிறகும் பொருள் தனக்குத்தான் சொந்தம் என்ற எண்ணத்திலிருந்து வருகிறது.

பாட்டு எழுதியவருக்கும் படம் எடுத்தவருக்கும் காசு போகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உரிமை வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர். பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அந்த உரிமைக்காக வழக்குக்கும் போனார். பாரதி எல்லோருக்கும் பொது என்று தமிழ்நாடே கேட்டபோது, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளைத் தன் வசம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. செட்டியார் காசு வாங்காமல் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். சில வருடங்களில் அந்த எழுத்துகள் மக்கள் சொத்தாயின. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் சினிமாக்காரர் வரை யாரிடமும் கேட்காமல் பாரதியைப் பாடலாம். அதே பாடல்கள் இன்றைய மின்பூட்டுக்குள் இருந்திருந்தால், சட்டப்படி உரிமை முடிந்த பிறகும் பூட்டு திறக்காது. பூட்டுக்குக் காலக்கெடு தெரியாது.

பக்கத்தில் கோட்டையூர். ரோஜா முத்தையா பிறந்த ஊர். ஆயுசு முழுக்கப் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அவரால் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், வாங்கியவர் தன் புத்தகத்தை இன்னொருவருக்கு விற்கலாம், கொடுக்கலாம் என்பதுதான். பூட்டிய மின்நூலை யார் யாருக்குக் கொடுப்பது? 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கல் வந்ததும், தான் விற்ற மின்நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் மின்நூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய நூல்களும் கூடவே போயின. இரண்டு இடத்திலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் புத்தகம் போனது போனதுதான். இன்றைய தமிழ் எழுத்தில் எவ்வளவு பூட்டிய வடிவத்தில் மட்டும் வருகிறதோ, அவ்வளவும் நாளைய கோட்டையூர்க்காரர் ஒருவருக்குக் கிடைக்கப் போவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

உங்கள் துறை சும்மா இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தீர்கள். அந்த டிசம்பரில் அதற்கென்று ஒரு வலைவாசலும் திறந்தீர்கள். பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று போனுக்கு மதிப்பெண் போடும் திட்டத்தின் குழு 2025-இல் அறிக்கை கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கம்பெனியே போட்டு அறிவிக்கலாம் என்று அறிக்கை சொல்கிறது. பிள்ளை தன் விடைத்தாளைத் தானே திருத்துவதை எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். வெளி ஆட்கள் திறந்து பார்த்துப் போடட்டும். அதற்கு என்னைப் போன்ற ரிப்பேர்காரர்களையும் கூப்பிடுங்கள். பாகங்களை ஜோடி சேர்த்துப் பூட்டிய போனுக்கு அதற்காகவே மதிப்பெண்ணைக் குறையுங்கள். அதோடு நிற்காமல் அந்தப் பூட்டையே தடை செய்யுங்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2024-இல் அப்படித் தடை போட்டது. அதற்கப்புறம் கம்பெனிகள் கொஞ்சம் இறங்கி வருவதை என் மேஜையிலேயே பார்க்கிறேன். கலிபோர்னியாவில் 2025 முதல், கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை, அந்த உண்மையைச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போட்டு விற்கக்கூடாது. நம் கடைகளுக்கும் அந்த விதி வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. பழுது பார்ப்பவனுக்கு அந்த நோக்கம் கிடையாது. நம் சட்டம் இதில் நிதானமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் என் தொழிலில் பாதிப் பேருக்கு இது தெரியாது, பயந்துகொண்டே வேலை செய்கிறார்கள். உங்கள் துறை ஒரு பக்கத்தில் தமிழிலேயே விளக்கம் வெளியிட்டால் அந்தப் பயம் போகும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடு என்று போனாலும், கார் விஷயத்தில் நம் நாட்டு அமைப்பே தப்பு என்று சொன்ன காரியம் அது. அதையேதான் போன் கம்பெனிகளும் செய்கின்றன. காரைவிடப் போன் அதிகம் பேரிடம் இருக்கிறது.

அப்பாவின் ரேடியோவில் இருந்த தாளை மறுபடி கேட்கிறேன். ஒவ்வொரு மாடலுக்கும் சர்க்யூட் படமும் பாகங்களின் விலையும் உங்கள் வலைவாசலில் இருக்கவேண்டும் என்று விற்பனைக்கு முன்பே கட்டாயமாக்குங்கள்.

காரைக்குடிப் பக்கம் யாராவது அதிகாரி வந்தால் என் கடைக்கு அனுப்புங்கள். ஒரே மாடலில், பாகங்கள் பூட்டிய பழைய போன்கள் இரண்டைத் தயாராக வைத்திருக்கிறேன். இரண்டும் நன்றாக ஓடுபவை. அவர் கண் முன்னாலேயே டிஸ்பிளேக்களை மாற்றி மாட்டிக் காட்டுகிறேன். அரைமணி நேரம் ஆகும். திரையில் என்ன வருகிறது என்று அவரே படித்துக்கொள்ளட்டும். பள்ளத்தூர் ஆச்சியையும் அன்றைக்கு வரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ரிப்பேர் கடைக்காரன்,
காரைக்குடி.