தேர்ந்தெடுக்கும் உரிமையை மாணவர்களிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்பு மாணவர்களிடையே வாசிப்பு அருகிவருவது குறித்து வாசகர்கள் பலரும் கவலையோடு எழுதுகிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் கைபேசியைக் குறைசொல்வதோடு முடிந்துவிடுகின்றன. பள்ளி நூலகப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும் ஒன்றை நான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் நாம், வாசிக்க வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதே இல்லை.

பதினைந்து வயது வரை ஒரு மாணவரின் கைக்கு வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை பிறர் தேர்ந்தெடுத்தவை. பாடநூலும் துணைப்பாடமும் அப்படித்தான். பரிசளிப்பு விழாவில் மேடையில் வைத்துத் தரப்படும் புத்தகமும் அப்படித்தான். இப்படி வளர்ந்தவரைத் திடீரென்று ஒரு நாள் நூலக அறைக்குள் அழைத்துவந்து, ‘பிடித்ததை எடுத்துப் படி’ என்றால் அவர் திகைத்துத்தான் நிற்பார். அந்தத் திகைப்புக்குத்தான் நாம் ஆர்வமின்மை என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

அலமாரியின் முன் நிற்கும் மாணவரைச் சற்று உற்றுக் கவனித்தால் இது விளங்கும். ஒரு புத்தகத்தை உருவி எடுப்பார். முதலில் அதன் தடிமனைப் பார்ப்பார். பிறகு எழுத்து பொடியா பெரிதா என்று பார்ப்பார். படம் இருக்கிறதா என்று பக்கங்களைச் சரசரவென்று புரட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே செருகிவிடுவார். பின்னட்டைக் குறிப்பையும் பொருளடக்கத்தையும் முதல் பத்தியையும் படித்துப் பார்த்து முடிவுசெய்யலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் எதற்கு என்றும் சொன்னதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவதற்காக 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் விளையாட்டு நூல்கள் 796 என்ற எண்ணின்கீழ் வரும் என்று ஒருமுறை காட்டிவிட்டால், விளையாட்டுப் பிரியரான மாணவர் மறுமுறை யாரையும் கேட்காமல் அந்தத் தட்டுக்கே நேராகப் போய் நிற்கிறார்.

ஆகவே நூலக வகுப்புகளில் சிலவற்றைத் தேர்வுசெய்வதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. துப்பறியும் கதை, படக்கதை, அறிவியல் புனைகதை, விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறு, கவிதை, பயணக் கட்டுரை எனப் பலவகை நூல்களை அட்டை தெரியும்படி மேசைகளில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் கொடுத்து, முதல் பக்கத்தையும் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தையும் படித்துப் பார்க்கச் சொல்லலாம். பிடித்தவற்றின் பெயரை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும். இதற்கு மதிப்பெண் கூடாது. கதைச் சுருக்கமும் கேட்கக் கூடாது. அடுத்த வகுப்பில், படித்து ரசித்த ஒருவரை முன்னால் வந்து, முக்கியமான கட்டத்தில் நிறுத்திவிடும்படி ஒரு நிமிடம் பேசச் சொன்னால், அந்த நூலுக்கு அன்றே போட்டி தொடங்கிவிடும். ஆசிரியர் சொன்னால் அறிவுரையாகத் தோன்றும் அதே புத்தகம், பக்கத்து இருக்கைத் தோழர் சொல்லும்போது ஆவலைக் கிளப்புகிறது.

பிடிக்காத நூலைப் பாதியில் திருப்பித் தரும் உரிமையும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் காரணம் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்றை எடுக்கவிட வேண்டும். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் இடத்தில் யாரும் துணிந்து புதிய நூலைத் தொடமாட்டார்கள்.

‘விட்டுவிட்டால் குப்பையைத்தானே எடுப்பார்கள்’ என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. வயதுக்குப் பொருந்தாதவற்றை வாங்கும்போதே விலக்குவது நூலகரின் கடமை. அதற்குள் அடங்கும் நூல்களில் எது நல்லது, எது சாரமற்றது என்ற பகுத்தறிவு, பலவற்றைப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே வாய்க்கும். மேலானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கையில் திணித்தால் அது வளர இடமே இல்லை. ஒரே துப்பறியும் வரிசையை மாதக்கணக்கில் படித்த மாணவர், ‘எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிகிறதே’ என்று தாமாகவே சலித்து வந்து நிற்கும் நாளில், அவரிடம் ஒரு நல்ல நாவலைப் பற்றி எடுத்துச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிறார்.

பொதுத்தேர்வு ஆண்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பாரும் உண்டு. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களிடம் கற்றல் திறனை அளக்க நடத்தப்படும் பிசா (PISA) என்ற பன்னாட்டு ஆய்வில், 2000ஆம் ஆண்டு, எளிய வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளாயினும் வாசிப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்கள், உயர் பதவியில் உள்ள பெற்றோரின் பிள்ளைகளாக இருந்தும் ஈடுபாடு குறைந்திருந்தவர்களைவிட வாசிப்புத் திறனில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். அத்தகைய ஈடுபாட்டைக் கட்டாயத்தால் உண்டாக்க இயலாது.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதல் மூன்று, நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன. வாசகர் தாமே அலமாரிவரை சென்று எடுக்கும் திறந்த முறையையும் அவர் வலியுறுத்தினார். கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்று பீரோவில் பூட்டிவைக்கும் பள்ளிகள் அந்த மூன்று விதிகளையும் ஒருசேர மீறுகின்றன. பூட்டைத் திறப்பதோடு, புதிய நூல்கள் வாங்கும் குழுவில் மாணவர்கள் இருவரையாவது சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் முன்வர வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘மாணவர்கள் படிக்க வேண்டிய நூல்கள்’ என்று பெரியவர்கள் தரும் பட்டியல்களுக்கு இடமளிப்பதைப்போல, தாங்கள் விரும்பிப் படித்த நூலைப் பற்றி மாணவர்களே எழுதும் சிறு பகுதி ஒன்றை வாரந்தோறும் தங்கள் நாளிதழில் வெளியிட்டால், அதை நறுக்கி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
பள்ளி நூலகர் ஒருவர்