கரடிக்கு ஏன் விருது இல்லை?

ஆஸ்கர் விருதுக்கு வாக்களிக்கும் அகாடமி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பழைய கணக்கு ஒன்றைத் தூசி தட்டி எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கரடி குதறிப்போட்டு, கூட வந்தவர்களும் கைவிட்டுப் போன ஹியூ கிளாஸ் என்ற வேட்டைக்காரன் பிழைத்து வந்து பழிவாங்கும் கதையான 'தி ரெவனன்ட்' படத்தை 12 பிரிவுகளில் பரிந்துரைத்து, 2016 பிப்ரவரியில் ஒளிப்பதிவு, இயக்கம், நடிப்பு என மூன்று விருதுகள் கொடுத்தீர்கள். முதலாவதற்கு எழுந்து நின்று கைதட்டினேன். இரண்டாவதற்கு அரை மனசு. மூன்றாவதுதான் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கிக்கு அது தொடர்ந்து மூன்றாவது ஆஸ்கர். முப்பது கொடுத்திருந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. படத்தைப் பெரும்பாலும் சூரிய வெளிச்சத்திலும் தீ வெளிச்சத்திலுமே எடுத்தார். அதற்காக ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் மட்டுமே படப்பிடிப்பு. ஆனால் அந்தப் பிடிவாதத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது கேமரா நிற்கிற தூரம். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அகலமான லென்ஸ். தாடியில் உறைந்த பனித்துகளும் தெரிகிறது, பின்னால் ஒரு மலையே தெரிகிறது. இட்லிச் சட்டியைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியுமே, அது மாதிரி நடிகரின் மூச்சு லென்ஸில் படிகிறது. வேறு படமாக இருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு டேக் போயிருப்பார்கள்.

சரி, நடிப்புக்கு வருவோம். கிளாஸாக நடித்த லியோனார்டோ டிகாப்ரியோ உறைபனி ஆற்றில் இறங்கினார், சைவமாக இருந்தும் காட்டெருமையின் பச்சை ஈரலைக் கடித்தார் என்ற செய்திகள் படத்துக்கு முன்பே எங்கள் ஊர்வரை வந்துவிட்டன. உங்களுக்கு அவை இன்னும் விலாவாரியாகச் சொல்லப்பட்டிருக்கும். உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் வாக்களித்தது திரையில் பார்த்ததற்கா, கேள்விப்பட்டதற்கா?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தப் படத்தில் எல்லோரும் அப்படியே நம்பிய காட்சி கரடித் தாக்குதல். அதில்தான் நிஜம் மிகக் குறைவு. கரடியே கிடையாது. நீல உடுப்பில் ஒரு சண்டைக் கலைஞர், நடிகரைச் சுண்டி இழுக்கக் கயிறுகள், மிச்சமெல்லாம் கணினி. அந்தக் கரடி நடிப்பதைப் பாருங்கள். குதறிவிட்டு ஒதுங்குகிறது. செத்தானா என்று திரும்பி வந்து மோந்து பார்க்கிறது. காலைத் தூக்கி அவன் தலைமேல் சாவகாசமாக வைக்கிறது. கோபமே இல்லை, வேலையை முடிக்கிற தோரணை. தியேட்டரில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பச்சை ஈரல், அந்த நிஜமான ஈரல், வந்தபோது அவர் சாவதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்களோ விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதைக்கூட 'எக்ஸ் மகினா'வுக்குக் கொடுத்தீர்கள். நல்ல படம்தான், இருந்தாலும்.

டிகாப்ரியோ நடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தொண்டை கிழிந்து, தூக்குப் படுக்கையில் கட்டுண்டு கிடக்கும்போது, துணைக்கு விடப்பட்ட கூட்டாளி ஃபிட்ஸ்ஜெரால்ட் கிளாஸின் மகனைக் கண்ணெதிரே கொல்கிறான். கத்தக் குரல் இல்லை, அசைய வழியில்லை, வாயில் எச்சில் நுரை, அந்தக் கண்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் விருது என்று அறிவித்திருந்தால் இந்த மடலே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவர் செய்வது தாங்குவது. தாங்குவது வேறு, நடிப்பது வேறு.

ஃபிட்ஸ்ஜெரால்டாக நடித்த டாம் ஹார்டி எந்த ஆற்றிலும் உறையவில்லை. தீக்கு முன்னால் உட்கார்ந்து, பசியில் கிடந்த தன் அப்பா அணில் வடிவில் கடவுளைக் கண்டதையும், அந்தக் கடவுளைச் சுட்டுத் தின்றதையும் சொல்கிறார். பாதித் தலைத்தோல் உரிக்கப்பட்டுப் பிழைத்தவனின் பயமெல்லாம் அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. பரிந்துரையோடு அனுப்பிவிட்டீர்கள்.

இயக்குநர் இன்யாரிட்டுவுக்கு ஏன் அரை மனசு? தொடக்கத்தில் அரிகரா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தாக்கும் அந்த நெடும் காட்சியை எடுத்தவருக்கு எதையும் கொடுக்கலாம். ஆனால் 156 நிமிடம் நீளும் படத்தில், மௌனம் போதும் என்ற இடத்திலெல்லாம் கிளாஸின் இறந்துபோன மனைவி அந்தரத்தில் மிதந்து வந்து மரமும் காற்றும் பற்றித் தத்துவம் சொல்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சுபாவம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது, சாவு மட்டும் இருக்கிறது. குளிரையாவது மதித்தாரா என்றால் அதுவும் இல்லை. மயிர்த்தோல் அணிந்து பனியாற்றில் அடித்துச் செல்லப்பட்டவன் கரையேறி நெருப்பு மூட்டினால் சரியாகிவிடுகிறது. நிஜத்தில் காயத்துக்கு முன்னால் அந்தக் குளிரே அவனை முடித்திருக்கும்.

வரலாற்று ஹியூ கிளாஸைக் கரடி தாக்கியது 1823 ஆகஸ்ட்டில், இன்றைய தெற்கு டகோட்டாவின் புல்வெளியில். பனிமலையும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. ஏறக்குறைய 320 கிலோமீட்டர் ஊர்ந்தும் நடந்தும் மிசௌரி ஆற்றங்கரைக் கோட்டையை அடைந்தார் என்பார்கள். அவருக்கு மகன் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அவரைச் சாகட்டும் என்று விட்டுச் சென்ற இருவரில் இளையவனைத் தேடிப் பிடித்து, சின்னப் பையன் என்று மன்னித்தார். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதற்குள் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். சிப்பாயைக் கொன்றால் தூக்கு. கடைசியில் திருடுபோன துப்பாக்கியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார் என்கிறது கதை. அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்த மனிதன் ஓர் அலுவலக வாசலில் நின்று தன் துப்பாக்கியைக் கேட்கிறான்! அந்தப் படத்தைப் பார்க்க நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். இன்யாரிட்டு எடுத்தது கத்திச்சண்டை. பழிவாங்குவது கடவுள் கையில் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடவுளின் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டை ஆற்றில் தள்ளியும் விடுகிறார்.

2014 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு அடுத்த ஆகஸ்ட் வரை இழுத்தது. பலர் பாதியில் வெளியேறினார்கள், சிலர் வெளியேற்றப்பட்டார்கள். கனடாவில் பனி உருகிப்போக, அர்ஜென்டினாவின் தென்கோடிக்குப் போய் முடித்தார்கள். (ஆல்பர்ட்டாவில் குளிர்காலத்தில் திடீரென வீசும் 'சினூக்' வெப்பக்காற்றைப் பருவநிலை மாற்றத்தின் அடையாளமாக டிகாப்ரியோ பேசியதும், அது தங்கள் தாத்தா காலத்திலிருந்தே வீசுகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள்.) இந்தத் துன்பமெல்லாம் உண்மை. ஆனால் விருது மேடையில் அது நடிகரின் துன்பமாக மட்டும் மாறிவிட்டது. அதே பனியில் கேபிள் சுருட்டிய ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

போன வருடம் இதை அம்மாவோடு வீட்டில் மறுபடி பார்த்தேன். கரடிக் காட்சியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் திருப்பவில்லை. "குட்டியக் காப்பாத்த வந்திருக்கு. அது மேல என்னடா தப்பு?" என்றார். மகளைத் தேடி அலையும் அரிகராத் தலைவன் வந்தபோது, "இவனும் அதே கேஸ்தானா?" என்றார். கரடி, தலைவன், கிளாஸ். மூன்றுமே பிள்ளையைப் பறிகொடுக்கப் பயந்த, அல்லது பறிகொடுத்த ஜீவன்கள். படத்தின் உண்மையான பலம் அங்கே இருப்பதை இரண்டு தடவை பார்த்தும் நான் கவனிக்கவில்லை. பச்சை ஈரலுக்கு அவர் சொன்னது, "உப்பாவது கிடைச்சுதா பாவம்."

அடுத்த வாக்குச்சீட்டு வரும்போது, எந்த நடிகர் எத்தனை கிலோ இளைத்தார், எத்தனை டிகிரியில் நின்றார் என்ற காகிதங்களை ஒரு டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுப் படத்தைப் பாருங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை.

இப்படிக்கு,
டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் ஒருவன்

பி.கு.: படம் முடிந்ததும் அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இயக்குநரைத் தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அந்தக் கரடிக்குட்டிகள் பிறகு என்ன ஆயின?