மதியமானால் சிக்னல் விழும் ஸ்ப்ளிட்டர்கள்: மாற்றித் தரக் கோரிப் புகார்

விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கிற சின்ன ஆபரேட்டர் நான். ஒரு ஃபைபரில் வரும் ஒளியை எட்டு போர்ட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற, உங்களிடம் வாங்கிய 1×8 ஸ்ப்ளிட்டர்கள் வெயிலில் சிக்னலை இழப்பதைப் பற்றி போனில் சொன்னதற்கு, "கனெக்டரில் தூசி இருக்கும், துடைத்துப் பாருங்க" என்கிறார் உங்கள் சர்வீஸ் ஆள். துடைக்கத் தெரியாமலா இந்தத் தொழிலில் இருக்கிறோம்?

காலையில் எட்டு போர்ட்டும் 10.5 டிபிக்குள்தான் (டெசிபல்) ஒளி லாஸ் காட்டுகின்றன, எட்டாகப் பிரித்தாலே 9 டிபி போய்விடும், அதில் சண்டை இல்லை. வெயில் ஏறி, கம்பத்துப் பெட்டியில் கை வைக்க முடியாத நேரத்தில் 1, 8 இரண்டு போர்ட் மட்டும் 15ஐத் தாண்டுகிறது. வந்து சேரும் ஒளி மைனஸ் 23 டிபிஎம்மில் இருந்த வீடு மைனஸ் 28க்கு இறங்கி, மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, எனக்கு போன் மேல் போன். ராத்திரி தானாகவே சரியாகிவிடுகிறது. தூசி என்றால் ராத்திரி மட்டும் எங்கே போகும்?

சந்தேகத்துக்கு, ஒரு பீஸைக் கழற்றி ஆபீஸ் மேஜையில் மாட்டி ஹேர் டிரையரைக் காட்டினோம். மீட்டரில் 8-ஆம் போர்ட் மளமளவென்று சரிந்தது, டிரையரை அணைத்ததும் மெதுவாக ஏறி வந்தது. நடு போர்ட்கள் அசையவே இல்லை.

ஆக, கோளாறு ஒளியைப் பிரிக்கிற கண்ணாடிச் சில்லில் இருக்காது. உருகிய உப்பில் சில்லை அமிழ்த்தி, சோடியத்தை வெளியே தள்ளி வெள்ளியை ஏற்றி ஒளிக்குப் பாதை போடுகிறோம் என்று உங்கள் ஆள் பெருமையாகச் சொன்னாரே, அந்தப் பாதை சென்னை வெயிலுக்கு எங்கும் நகராது. சில்லோடு, வெளியே போகும் எட்டு ஃபைபர்களின் வரிசையை ஒட்டிய பசைதான் இளகுகிறது என்று நினைக்கிறேன். ஃபைபருக்குள் ஒளி ஓடும் நடுப்பகுதியே 9 மைக்ரான்தான், வரிசை துளி திரும்பினாலும் முதலில் அடிபடுவது ஓரத்தில் இருப்பவை. அட்டையில் மட்டும் 85 டிகிரி தாங்கும் என்று போட்டிருக்கிறீர்கள்!

அந்த லாட் முழுவதையும் மாற்றித் தாருங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு பீஸுக்கும் சூட்டில் வைத்து 1310, 1490, 1550 நானோமீட்டர் என மூன்று அலைநீளத்திலும் லாஸ் அளந்த தாள் வேண்டும், லாட்டுக்கு ஒரு மாதிரித் தாள் அனுப்பி ஒப்பேற்ற வேண்டாம். கொரியர் செலவும், கம்பம் ஏறிக் கழற்றி மாட்டுகிற பையன்களின் கூலியும் உங்களுடையது. பில்லும் மீட்டர் போட்டோக்களும் இதோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காசிமேடு கேபிள் ஆபரேட்டர்