விடுப்பு மாதங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் உயிர்வேதியியல் கற்பிப்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். புரதம் எப்படி மடிந்து தன் வடிவத்தை அடைகிறது என்ற புரத மடிப்பு ஆய்வில் வேலை செய்யும் எங்கள் சக ஆய்வாளர் கேட்ட திட்ட நீட்டிப்பை, "போதிய முன்னேற்றம் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்திருக்கிறீர்கள். கோப்பு உங்களிடமே இருக்கிறது, பின்னணியை விளக்க வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான்: பேறுகால விடுப்பு மாதங்களையும், பணம் வந்து சேராத மாதங்களையும் திட்டக் காலத்திலிருந்து கழியுங்கள். அதன்பிறகு முன்னேற்றத்தை அளந்துகொள்ளுங்கள்.

விடுப்பு கொடுத்தீர்கள், நன்றி. ஆனால் அந்த மாதங்களும் மூன்றாண்டுக் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருந்தன. இரண்டாம் ஆண்டுப் பணம் மார்ச்சில் வந்தது, மார்ச் 31-க்குள் செலவுச் சான்றிதழ் கேட்டீர்கள். இறக்குமதியாகும் ரசாயனத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கவே அந்த மாதம் போதாது என்பது உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரியாததா?

நீங்கள் எதிர்பார்க்கும் முன்னேற்றம் கடைசியில் ஒரு வரைபடம். எவ்வளவு யூரியாவில் புரதத்தின் மடிப்புக் குலைந்து பிரிகிறது என்று காட்டும் ஒரு வளைகோடு. அதற்கு முதலில் புரதம் வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. சேர்த்து, 18 டிகிரிக்கு இறக்கி இரவு முழுக்க விடுகிறோம். அவசரப்பட்டு 37-லேயே விட்டால் பல புரதங்கள் தாறுமாறாகச் சுருண்டு கட்டி தட்டிவிடும். பிறகு நிக்கல் நிரப்பிய வடிகுழாயில் (column) பிரித்து, அதிலிருந்து புரதத்தைக் கழற்றச் சேர்த்த இமிடசோல் போகும்வரை குளிர் அறையில் டயாலிசிஸ். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கைவிட்டால் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருப்பது உருகும். மறுபடி உறைந்த புரதம் கலங்கிப்போயிருக்கும், சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் வெள்ளையாக அடியில் உட்காரும். திரும்ப முதலிலிருந்துதான்.

இதெல்லாம் இங்கேயே முடியும். ஆனால் புரதத்தின் மடிப்பை ஒளியால் அளக்கும் சி.டி. கருவி இங்கே இல்லை. அதற்காக மாநில எல்லை தாண்டிக் கோவைக்குப் போக வேண்டும். சிக்கல் தூரத்தில் இல்லை, இரவில் இருக்கிறது.

100 மில்லிக்கு 54 கிராம் யூரியா போட்டால் 9 மோலார் (செறிவின் அலகு) கரைசல். கரையும்போது பாத்திரமே சில்லிட்டுப் போகும். சீக்கிரம் கரையட்டும் என்று அடுப்பேற்றிச் சூடாக்கினால் சயனேட் என்ற வேதிப்பொருள் உண்டாகி, புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் முன்பு கலக்கி வைத்ததிலும் அதே தொல்லை. ஆகவே அன்றன்றே கலக்க வேண்டும், உண்மையான செறிவை, ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு 0-விலிருந்து 8 மோலார் வரை 25 குழாய்கள். பிரிந்த புரதம் திரும்ப மடிகிறதா என்று பார்க்க, 8 மோலாரிலிருந்து இறங்கிவரும் இன்னொரு 25. இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் அளவு செல்லாது. குழாய்களைக் குறைத்தாலும் வளைகோட்டின் இரு முனைகளிலும் புள்ளிகள் போதாமல் நிலைப்பு ஆற்றலைக் கணக்கிட வராது. இந்த ஐம்பதும் 25 டிகிரியில் ஒரு இரவு சமநிலைக்கு வர வேண்டும். மறுநாள் காலை நைட்ரஜன் ஓட விட்டு, சி.டி. கருவியின் விளக்கைப் போட்டு, 222 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். நைட்ரஜன் ஓடாமல் விளக்கைப் போட்டால் ஓசோன் உண்டாகிக் கருவிக்குள் இருக்கும் கண்ணாடிகள் பாழாகும். அப்புறம் அந்தக் கருவியை யாருக்கும் தர மாட்டார்கள்.

ஆக, மாலையில் கலக்கிக் காலையில் அளக்கும் வேலை இது. உங்கள் பயணப்படி விதியோ ஒரு பகலுக்குத்தான். மாநில எல்லை தாண்டுவதால் அதற்கும் முன் அனுமதி. விருந்தினர் விடுதியில் கைக்குழந்தைக்கு இடமில்லை என்கிறார்கள். பால்குடிக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு தாய் அந்த இரவை எங்கே கழிப்பது என்பதற்கு உங்கள் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

மதிப்பீட்டாளர் ஒருவர், "ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் இந்தச் சோதனைகள் எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். புரத வடிவத்தை ஊகிக்கும் அந்தச் செயற்கை நுண்ணறிவு நிரலை உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது, மறுக்கவில்லை. மடிந்து முடிந்த வடிவத்தை அது ஊகித்துத் தரும். எந்த வழியில் மடிந்தது, எத்தனை மோலார் யூரியாவில் பிரியும், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் எவ்வளவு தளரும் என்பதையெல்லாம் குழாயில்தான் பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் செய்தித்தாளோடு அந்தத் துறையையும் கொஞ்சம் படிக்கலாம்.

1933-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில், பெண் என்பதால் பின்னாளில் உயிர்வேதியியலாளரான கமலா சோஹோனிக்கு இடம் மறுத்தார் சி.வி. ராமன். கமலா விடாமல் நின்றதால், ஓராண்டு பார்த்துவிட்டுத்தான் முறையான மாணவியாக ஏற்பது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். இன்று பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் வந்தால் அந்த அம்மையாரின் படத்துக்கு மாலை போடுகிறோம், உரையாற்றுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். மார்ச் 8-இல் அதே மேடை, அதே மைக், அதே பொன்னாடை. நடுவில் உள்ள நாட்களில் கோப்புகள் திரும்பி வருகின்றன.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. முனைவர் பட்ட மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பும், பட்டத்தை முடிக்க இரண்டு ஆண்டுக் கூடுதல் அவகாசமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2016 விதிகளிலிருந்தே உண்டு. மாணவிக்கு உள்ளது திட்டம் நடத்தும் பெண்ணுக்கு ஏன் இல்லை? விடுப்பு மாதங்களையும் பணம் வராத மாதங்களையும் கழியுங்கள், வயது வரம்புக்கும் அதே கணக்கைப் போடுங்கள், பயணப்படியில் ஓர் இரவைச் சேர்த்துத் தாருங்கள். விடுப்பு ஆணை, வங்கியில் பணம் ஏறிய தேதிகள், கருவி முன்பதிவுச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் கோப்பை மறுபடி எடுத்துக்கொள்ளுமாறும், இம்முறை காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுதுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டார உயிர்வேதியியல் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள்