மண்புழுவுக்கு நீளமும் நிறமும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய மண்புழு இனம் கண்டுபிடிப்பு என்று எந்தப் பத்திரிகையில் செய்தி வந்தாலும், எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை எனக்கென்று மடித்து வைத்துவிடுவார்கள். ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆவலோடுதான் படிக்கத் தொடங்குவேன். இத்தனை சென்டிமீட்டர் நீளம், இன்ன நிறம், இன்ன காட்டில் கிடைத்தது, மண்ணுக்கு நல்லது. அதோடு செய்தி முடிந்துவிடும். சரி, அது எதனால் புது இனம்? ஏற்கெனவே தெரிந்த புழுக்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது எது? அதற்கு ஒரு வரி இருக்காது. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் இதே குறைதான். நம் தமிழ்ப் பத்திரிகையாவது இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

பறவையை இறகைப் பார்த்துச் சொல்லிவிடலாம், பட்டாம்பூச்சியைச் சிறகைப் பார்த்துச் சொல்லலாம். மண்புழுவுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. நீளத்தை நம்பவே முடியாது. ஊர்ந்து போகும்போது ஓர் அளவு, தொட்டால் இன்னோர் அளவு. வால் அறுந்து மறுபடி வளர்ந்த புழுவில் மொத்த வளையங்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும். நிறமோ சாராயத்தில் சில நாள் கிடந்தால் வெளிறிப்போகும். அதனால்தான் அறிஞர்கள் தலைப்பக்கத்திலிருந்து வளையங்களை எண்ணுகிறார்கள். லயத்தில் முதல் கதவு, இரண்டாம் கதவு என்று எண்ணி வீட்டைக் கண்டுபிடிப்பதுபோல, எத்தனையாவது வளையத்தில் எந்த உறுப்பு குடியிருக்கிறது என்பதே மண்புழுவின் அடையாளம். பாடநூலில் கண்டம் என்று இருக்கும். எனக்கு வளையம் என்று சொல்லித்தான் பழக்கம்.

போன மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் கால்வாயோரம் என் பேத்தி ஒரு புழுவைப் பிடித்துக் கொண்டுவந்தாள். மங்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத்தாளில் கிடத்தி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். கழுத்துப் பக்கம் மேனியைவிட வழவழப்பாக ஒரு பட்டை இருக்கிறதே, கிளைடெல்லம் என்பார்கள், அது 15ஆம் வளையத்தில் தொடங்குகிறது என்றாள். வாய்க்கு மேலே மூடிபோல இருக்கும் சின்ன மடலை அவள் ஒன்று என்று எண்ணிவிட்டாள். அது கணக்கில் வராது. திரும்ப எண்ணியபோது 14 வந்தது. பட்டை 14, 15, 16 ஆகிய மூன்று வளையங்களையும் சுற்றி மூடியிருந்தது. வயிற்றுப் பக்கம் 14இன் நடுவில் ஒரே ஒரு புள்ளி, அது பெண் துளை. அங்கிருந்து நான்கு வளையம் தள்ளி 18இல் இடமும் வலமுமாக ஒரு ஜோடி ஆண் துளைகள். ஒரே உடலில் ஆணும் பெண்ணுமா என்று அவள் வாயைப் பிளந்தாள். அப்புறம் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு வளையத்தையும் சுற்றிச் சின்னஞ்சிறு முட்கள் வரிசையாக நிற்பதால் விரலில் சொரசொரப்பு தட்டும். பட்டையும் துளைகளும் முள் வளையமும் இப்படி அமைந்திருந்தால், அது பெரிட்டிமா கூட்டத்தைச் சேர்ந்தது என்று முதல் பார்வையிலேயே சொல்லலாம். நம் ஆசியப் பகுதியின் பெரிய மண்புழுக் கூட்டம் அது. கினபாலு மலையில் சுமார் 70 சென்டிமீட்டர் வரை வளரும் ராட்சத மண்புழுவும் இதைச் சேர்ந்ததுதான்.

பெரிட்டிமா என்ற ஒரே பேரினத்தின் கீழ் நூற்றுக்கணக்கான இனங்களை ஒரு காலத்தில் மொத்தமாக அடைத்து வைத்திருந்தார்கள். 1972இல் சிம்ஸ், ஈஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். ஆண் துளை தோலின் மேலேயே திறந்திருந்தால் அமிந்தஸ், உள்ளே மடங்கிய ஒரு பைக்குள் ஒளிந்திருந்தால் மெட்டாஃபைர். ஊசி முனையால் தோலை லேசாக விலக்கிப் பார்த்தால்தான் அந்தப் பை தெரியும். இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு பேரினமே பிரிகிறது என்றால், நீளத்தையும் நிறத்தையும் மட்டும் போட்டு என்ன பயன்?

இதற்கு மேல் உள்ளே திறந்து பார்த்தாக வேண்டும். திறப்பதற்கு முன் பதப்படுத்துவதிலேயே கவனம் தேவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உயிருள்ள புழுவை நேராகக் கடுஞ்சாராயத்தில் போட்டுவிட்டேன். சுருள்கம்பிபோல முறுக்கிக்கொண்டு இரண்டு துண்டாகிப் போனது. அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நீர்த்த சாராயத்தில் மெல்ல மயங்கவைத்து, நேராகக் கிடத்தி, பார்மலினில் இறுக்கி, பிறகுதான் வலுவான சாராயத்துக்கு மாற்ற வேண்டும். நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடுவதால், முதுகுப் பக்கம் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கீறி, இரண்டு ஓரத்தையும் மெழுகுத் தட்டில் குண்டூசியால் விரித்துக் குத்துவோம்.

பெரிட்டிமா கூட்டத்துப் புழுவைத் திறந்தால் 8ஆம் வளையத்தை ஒட்டி அரைவைப்பை, ஆட்டுக்கல்லின் குழவிபோல கெட்டியாக இருக்கும். பல் இல்லாத பிராணி மண்ணையும் இலைத்தூளையும் அரைப்பது அதில்தான். அதற்குப் பின்னால் 10 முதல் 13 வரை, குடலை அணைத்தபடி இதயங்கள் ஜோடி ஜோடியாக. ரத்தம் நமக்குப்போலவே சிவப்பு, ஆனால் அந்தச் சிவப்பு அணுக்களுக்குள் இல்லை, ரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது. 18ஐ ஒட்டி இரு பக்கமும் புராஸ்டேட் சுரப்பிகள் பூப்போல விரிந்து கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்தது 27ஆம் வளையம். அங்கே குடலிலிருந்து இரண்டு சிறு பைகள் கிளம்பி, முன்னோக்கி, தலையைப் பார்த்து வளர்ந்திருக்கும். சில இனங்களில் அது கூம்பு மாதிரி ஒற்றையாக, சிலவற்றில் விரல் விரித்த கைபோலப் பிரிந்து. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க இந்த விரல்களையும் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் விந்துகொள்பைகள். இணைசேரும்போது மற்றப் புழு தரும் விந்தைச் சேமிக்கும் பைகள் இவை. சில இனத்தில் நான்கு ஜோடி, சிலவற்றில் ஒரு ஜோடி. அவற்றின் துளைகள் 5க்கும் 6க்கும் இடையிலா, 7க்கும் 8க்கும் இடையிலா என்பதும் பார்க்க வேண்டும். இணைசேராமலே குஞ்சு பொரிக்கும் சில வகைகளில் இந்தப் பைகளே காணாமல் போயிருக்கும். அதனால் ஒரே ஒரு புழுவை வைத்துப் புது இனம் என்று அறிவிப்பதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பட்டை வளர்ந்த பெரிய புழுக்கள் பல வேண்டும்.

இது தோட்டப்புறத்து வாசகர்களுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பரும் செம்பனையும். நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளின் பூர்வீகம் தென் அமெரிக்கா. உலகமெங்கும் வெப்பமண்டலத் தோட்ட மண்ணில் பரவிக் கிடக்கும் பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்ற புழுவும் அதே கண்டத்துக்காரன்தான். பிரேசிலில் குடியேறிய ஃப்ரிட்ஸ் முல்லர் 1857இல் விவரித்தது. அதன் பட்டை முழு வளையம் இல்லை, குதிரைச் சேணம்போல முதுகுப் பக்கம் மட்டும், 15ஐ ஒட்டித் தொடங்கி 22 வரை போகும். வால் பக்கத்து முட்கள் பெரிதாகி, ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி நிற்பதால் தூரிகை மாதிரி இருக்கும். இந்த இரண்டு அடையாளமும் தெரிந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, காட்டோரத்தில் கிடைக்கும் சொந்த மண்ணின் புழுவை வந்தேறியிலிருந்து பிரித்துவிடுவான்.

ஆகவே அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, பட்டை எந்த வளையங்களில், ஆண் துளை எப்படி, விந்துகொள்பை எத்தனை ஜோடி, குடற்பை ஒற்றையா விரலா என்று நான்கு வரி சேருங்கள். 18ஆம் வளையத்தின் கோட்டுப்படம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பெயர் சூட்டுவதற்கு அடிப்படையான மூலப்புழு எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் போடுங்கள். அது இல்லாமல் நாளைக்கு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. விலங்குப் பெயர் விதிகள் பெயரை லத்தீன் எழுத்தில் கேட்கின்றனவே தவிர, விவரிப்பு இன்ன மொழியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. செய்தியைத் தமிழில் சொல்ல நமக்கு என்ன தடை?

தமிழ்ச் சொல் எதற்காவது உங்கள் செய்தியாளர்கள் தடுமாறினால் எழுதிக் கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்கிறேன். மெழுகுத் தட்டும் ஊசிகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.