எந்தப் பயிற்சி என்று எங்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையவழியில் பாடம் நடத்த அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பயிற்சிக்கு ஒன்றும் பஞ்சமில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்று எங்களைக் கேட்பாரைத்தான் காணோம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது என் கவலையெல்லாம் வடிவியல் பற்றித்தான். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கவராயத்தின் முனை எங்கே ஊன்றுகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் சந்தேகம் என்றால் அதை நிறுத்திக் கேட்க முடியாதே! பக்கத்து ஒன்றியத்து ஆசிரியை ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு, குறுக்கே இரண்டு அடிக்கோல், அவற்றின்மேல் கேமரா கீழே பார்க்கும்படி கைப்பேசி. அன்று மாலையே நானும் அப்படி வைத்துப் பதிவு செய்துவிட்டேன். வீடியோவைச் சின்னதாக முடிப்பது, அளவைச் சுருக்கி அனுப்புவது, பிள்ளையின் அப்பா கைப்பேசியோடு வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து அனுப்புவது எல்லாம் சக ஆசிரியர்களிடம் கற்றவைதாம்.

அந்த அக்டோபரில் ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் நிஷ்தா பயிற்சி இணையவழிக்கு வந்தது. மொத்தம் 18 தொகுதிகள். கணித ஆசிரியருக்கும் அதே 18, தமிழாசிரியருக்கும் அதே 18. அவற்றில் நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் வருகிற பயிற்சிகளும் எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாகவே வருகின்றன. அண்மையில் முடிக்கச் சொன்ன ஒன்றில், மின்னஞ்சலில் கோப்பை எப்படி இணைப்பது என்பதை நாள்தோறும் அதைச் செய்கிறவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. 'இன்று மாலைக்குள் 100 சதவீதம்' என்று செய்தி வரும். மறுநாள் முடிக்காதவர் பட்டியல் வரும். அப்புறம் என்ன, வீடியோ ஒரு பக்கம் தானாக ஓடும், வினாக்களுக்கு விடை குழுவில் வந்து விழும், சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு இருக்கும் வழக்கு வேறு. ஆனால் அந்தப் பயிற்சி ஆசிரியரின் சொந்த ஈடுபாட்டை ஒட்டி அமைய வேண்டும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. 50 என்ற எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மற்றதை யாரும் பேசுவதில்லை.

பயிற்சி நேரத்தில் பாதியையாவது எங்கள் பொறுப்பில் விடலாம். ஒருவர் வடிவியல் படங்களைத் திரையில் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருளைக் கற்கட்டும். இன்னொருவர் வேறு பள்ளி ஆசிரியையின் இணைய வகுப்பில் அமர்ந்து பார்க்கட்டும். கற்றதை, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள், கணக்குக்கு அது போதும். இப்படி விட்டால் சிலர் சும்மா இருந்துவிடுவார்கள் என்பார்கள். இருப்பார்கள்தான். இப்போதும் இருக்கிறார்கள், கையில் சான்றிதழோடு.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எங்கள் மாவட்டத்தில் எப்படியும் விடுமுறை விடுவார்கள். பிள்ளைகள் படமெடுத்து அனுப்பும் வீட்டுக்கணக்கைக் கைப்பேசியிலேயே திருத்தித் திருப்பி அனுப்ப அதற்குள் நான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கொரு பயிற்சி இருந்தால் சொல்லுங்கள், முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.